பெர்லாவின் பின்பாதி

சான் பெர்மின் ஊருக்குள் பன்றிக் காய்ச்சல் நுழையாமல் இருக்க அரசாங்கம் செய்த முதல் ஏற்பாடு, பாலத்தின் இந்த முனையில் வைத்த ஒரு தகரத் தட்டு. தட்டில் ஒரு சாக்கு. சாக்கில் மருந்து இருப்பதாக எல்லோரும் நம்ப வேண்டும். அக்கரையிலிருந்து வருகிற மனிதர்கள், மிதிவண்டிகள், மூன்று சக்கர வண்டிகள் எல்லாம் அதை மிதித்துத்தான் ஊருக்குள் வரலாம். அரசு எண் பொறித்த வண்டிகள் மட்டும் தட்டுக்கு ஓரமாகப் போய்விடும். நோய்க்கும் அந்த அளவுக்கு மரியாதை தெரியும் என்பது நோய்த்தடுப்புப் படையின் எண்ணம்.

கொரிங்குக்கு முதல் நாளிலிருந்தே இதில் நம்பிக்கை இல்லை. சந்தையில் கருவாடு விற்றே காலம் தள்ளிய விதவை அவள். தன்னுடைய எடைக்கல்லைக்கூட ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தராசில் வைப்பாள். ராத்திரி நேரத்தில் யார் என்ன செய்தார்களோ!

ஒரு நாள் கருவாட்டுக் கூடையோடு பாலத்தைத் தாண்டி வந்தவள் தட்டின் முன்னால் நின்றுவிட்டாள். சாக்கின் மேல் ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான் காவலாள் டோடோங்.

"தட்டுல நாய் படுத்திருக்கே, டோடோங்?"

"ஆமாக்கா. சாக்கு மெத்துனு இருக்கில்ல."

"அப்ப மருந்து?"

"ஈரமா இருந்தா அது படுக்குமா?"

"நான் எதை மிதிக்கிறது?"

டோடோங் சற்று யோசித்தான். "நாயை எழுப்பாம ஓரமா ஒரு கால் வைங்க. ஒரு கால் போதும். டாக்டரோட ஜீப் தினமும் வருது போகுது. அது ஒரு சக்கரம்கூட வைக்கிறதில்ல. ஊர்ல நோய் வந்துடுச்சா என்ன?"

நோய் இன்னும் வரவில்லை என்பது உண்மைதான். அவள் ஒரு காலை வைத்தாள். நாய் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

டோடோங் சொன்ன டாக்டர், நோய்த்தடுப்புப் படையின் தலைவர் வில்யாருஸ். கால்நடை மருத்துவர். படிப்பு முடித்த நாளிலிருந்து அலுவலகத்திலேயே இருப்பதால், பன்றிகளை அவர் பெரும்பாலும் வரைபடத்திலும் சாப்பாட்டுத் தட்டிலும்தான் பார்த்திருக்கிறார். அவருடைய பெருமை, ஊராட்சி மன்றத்தின் பின்னால் கட்டியிருந்த கொட்டகை. அதில் காவல் பன்றிகள் இருந்தன. நோய் ஊருக்குள் வந்தால் முதலில் அவற்றைத்தான் பிடிக்க வேண்டும். அதைப் பார்த்து ஊர் உஷாராகிவிடும். அதற்காகத்தான் அவை நியமிக்கப்பட்டிருந்தன. தரையில் ஓடு, மேலே மின்விசிறி, கழுத்தில் அடையாள அட்டை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே மின்விசிறி கிடையாது. அவற்றுக்குத் தீவனமும் அனுமதிக்கப்பட்டிருந்தது. அனுமதி வந்துவிட்டது, தீவனம்தான் இன்னும் வரவில்லை.

சரி, அரசாங்கத்துப் பன்றியைப் பற்றி நமக்கென்ன என்று கொரிங் தன் பன்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பன்றியின் பெயர் பெர்லா. சினையாக இருந்தது. வயிறு தரையைத் தொடுகிற நேரம்.

தன் பன்றி என்று சொல்வதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பெர்லாவைக் குட்டியாக வாங்கிக் கொடுத்தவன் அக்கரையில் இருக்கும் பெரியப்பா மகன் மெல்சோர். தீனி போட்டு வளர்ப்பது இக்கரையில் கொரிங். குட்டி போட்டால் ஆளுக்குப் பாதி. தாயும் விற்கிற வரை ஆளுக்குப் பாதி. சான் பெர்மின் இருந்த அந்தத் தீவில் இப்படிப் பங்கு வாரத்துக்கு வளராத பன்றியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அக்கரையில் ஒரு கொட்டிலில் பன்றிகள் செத்து விழுந்ததும், டாக்டர் வில்யாருஸ் வரைபடத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு அடித்தார். இந்தப் பக்கம் பச்சை. கொரிங், மெல்சோர் இரண்டு பேரையும் அலுவலகத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

"பன்றி யாருது?" என்றார் டாக்டர்.

"எங்களுது," என்றாள் கொரிங்.

"எங்களுதுன்னா?"

மெல்சோர் விளக்கினான். டாக்டர் முகத்தில் வெளிச்சம் வந்தது. சிக்கல் ஒன்று கிடைத்துவிட்டால் அவருக்கு அன்று முழுக்கப் பசிக்காது.

"இங்க பாருங்க. சிவப்பு மண்டலத்து ஆளுக்குச் சொந்தமான பன்றி எங்க இருந்தாலும் அழிக்கப்படணும். இது விதி. பச்சை மண்டலத்து ஆளுக்குச் சொந்தமான பன்றி என்ன ஆனாலும் காப்பாத்தப்படணும். இதுவும் விதி. ரெண்டும் ஒரே பக்கத்துல அடுத்தடுத்து இருக்கு."

"அப்ப எதைச் செய்யப் போறீங்க?" என்றாள் கொரிங்.

"அதென்ன கேள்வி? அரசாங்கம் ஒரு விதியைக் கடைப்பிடிச்சுட்டு இன்னொண்ணை விட்டுடுமா? ரெண்டையும் செய்வோம். உங்கள்ல யாருக்கு எந்தப் பாதி?"

கொரிங் வாயைத் திறப்பதற்குள் மெல்சோர் முந்திக்கொண்டான். "பின்பாதி எனக்கு."

"ஏன் அப்படி?" என்று கொரிங் அவனைக் கூர்ந்து பார்த்தாள்.

"குட்டி எந்தப் பக்கமா வருதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தீனி போட்டது நான், அண்ணே!"

"அதனாலதான் வாயை உனக்கு விட்டேன். இன்னும் என்ன வேணும் உனக்கு?"

டாக்டர் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மையை ஊதிக் காய வைத்துவிட்டுச் சொன்னார்: "ரொம்ப நல்லது. ஆக, பின்பாதி சிவப்பு. அழிக்கப்படும்."

மெல்சோர் தான் முன்பாதிக்கும் ஆசைப்பட்டவன்தான் என்று சொல்லிப் பார்த்தான். மை காய்ந்துவிட்டது.

"முழுசாக் கொன்னாலாவது ஒரு நியாயம் இருக்கு. பாதியை எப்படிங்க?" என்றாள் கொரிங்.

"முழுசாக் கொல்றதா!" டாக்டர் அதிர்ந்துபோனார். "பச்சை மண்டலத்துல இதுவரைக்கும் ஒரு பன்றிகூடச் சாகலை. அதுக்காக இந்த வருஷம் நமக்குப் பரிசு வரப் போகுது. உன் பாதிப் பன்றிக்காக அதைக் கெடுக்கச் சொல்றியா? கொஞ்சம் ஊரை நினைச்சுப் பாரும்மா."

மறுநாள் ஆட்கள் வந்து பெர்லாவின் வயிற்றைச் சுற்றி நீல வண்ணத்தில் கோடு இழுத்தார்கள். பெர்லா அதைத் தீனி என்று நினைத்து நக்கப் பார்த்தாள். கழுத்து எட்டவில்லை. கோட்டுக்குக் காவலாக டோடோங் பாலத்திலிருந்து மாற்றப்பட்டான். பாலத்தை நாய் பார்த்துக்கொண்டது.

டோடோங்குக்கு வேலை கடுமையாக இருந்தது. பெர்லா திரும்பிப் படுத்தால், முன்பாதி இருந்த இடத்துக்குப் பின்பாதி வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அது எல்லை மீறல். வால் ஆடினாலும் குறித்துக்கொள்ள வேண்டும். தலைப்பக்கம் தீனி வைத்துவிட்டு வால்பக்கம் சாணி அள்ளப் போகும்போதெல்லாம் கொரிங் காலை மருந்தில் நனைத்துக்கொள்ள வேண்டும் என்றான்.

"தீனி பச்சைப் பக்கம் போகுது, சிவப்புப் பக்கம் வெளிய வருதே. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று கொரிங் எரிச்சலில் கேட்டுவிட்டாள்.

கேட்டிருக்கக் கூடாது. டாக்டர் அதை எழுதித் தலைநகர் மணிலாவுக்கு அனுப்பிவிட்டார். தீனி எந்த இடத்தில் மண்டலம் மாறுகிறது என்று ஆராய அங்கே ஒரு குழு அமைந்தது. வயிற்றிலிருக்கும் குட்டிகள் யாருடைய பக்கம் என்பதற்கு இன்னொரு குழு. கொரிங் நாள்தோறும் பெர்லாவின் வயிற்றைத் தடவிப் பார்ப்பாள். குட்டிகள் கோட்டின் இரண்டு பக்கமும் உதைத்துக்கொண்டிருந்தன.

"கவலைப்படாதக்கா," என்பான் டோடோங். "மணிலாவுல ஒரு விஷயம் மாட்டிக்கிட்டா லேசுல வெளிய வராது. பெர்லா கிழவியாகிச் சாகும்."

கொரிங்கும் அந்த ஒரு நம்பிக்கையில்தான் இருந்தாள். ஆனால் மணிலாவிலிருந்து பதிலுக்குப் பதிலாக ஆளே வந்துவிட்டார். துணைச் செயலர் பனாலிகன். பன்றிக்கறிக்குப் பயந்து எல்லோரும் கோழிக்கு மாறிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, கறி சாப்பிட்டுக் காட்ட வந்திருந்தார். கோயில் எதிரே மைதானத்தில் பந்தல். லெச்சோனுக்காக மூங்கில் கழியில் கோத்த முழுப் பன்றிகள் கரி நெருப்பின் மேல் சுழன்றுகொண்டிருந்தன. தோல் பொன்னாக மின்னியது. ஊரே மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

கொரிங் மட்டும் சமையல்காரரிடம் போனாள். எந்தச் சரக்கைப் பார்த்தாலும் அது எங்கே வாங்கியது என்று கேட்கிற பழக்கம் அவளுக்கு.

"லெச்சோனுக்குப் பன்றி எங்கண்ணே புடிச்சீங்க? இங்க யாரும் வித்த மாதிரி தெரியலையே?"

"அக்கரையில. அள்ளிக்கோன்னு தர்றாங்க, அவ்வளவு மலிவு."

"அக்கரை சிவப்பாச்சே?"

"டாக்டரோட ஜீப்லதானே வந்துச்சு," என்றார் சமையல்காரர். அதற்கு மேல் என்ன உறுதி வேண்டும் என்கிற மாதிரி கரியைக் கிளறினார்.

கொரிங் நேரே டாக்டரிடம் போய் அதையே கேட்டாள். "இன்னிக்குக் கேள்வி கேக்கற நாள் இல்லம்மா, சாப்பிடற நாள்," என்றார் டாக்டர், வாய் நிறைய மொறுமொறுப்போடு.

துணைச் செயலர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "நண்பர்களே! இந்த நோய் வேகமாகப் பரவுகிறது என்கிறார்கள். உண்மை என்ன தெரியுமா? நோய் பரவும் வேகத்தைவிட நமது குழுக்கள் பெருகும் வேகம் அதிகம்! ஒரு பன்றிக்கு ஓர் அதிகாரி. இதுதான் நமது இலக்கு. பன்றிகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதால், இலக்கை இந்த ஆண்டிலேயே எட்டிவிடுவோம்!"

கைதட்டல் அடங்க நேரம் ஆனது.

"இந்த ஊரில் பாதிப் பன்றி ஒன்று இருப்பதாக அறிந்தேன். நீதிக்கு எடுத்துக்காட்டு! அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை அதன் பின்பாதி அழிக்கப்படும். அதற்குப் பிறகு முன்பாதி அரசின் முழுப் பாதுகாப்பில் எந்தக் குறையும் இல்லாமல் வாழும். இது என் வாக்கு!"

பக்கத்தில் நின்ற மெல்சோர், எல்லோரும் தட்டுகிறார்களே என்று தானும் தட்ட ஆரம்பித்து, கொரிங் பார்த்த பார்வையில் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

அன்று சாயங்காலம் டோடோங் ஒரு வாளியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு கொரிங் வீட்டுக்கு வந்தான். விருந்து எந்த வீட்டில் நடந்தாலும் மிச்சம் மீதி பன்றி வளர்க்கிறவர்களுக்குப் போய்ச் சேருவது ஊர் வழக்கம். குடல் கழுவிய தண்ணீர், பச்சை எலும்பு, சோறு, கடித்துப் போட்ட தோல் எல்லாம் வாளியில் மிதந்தன.

"டாக்டர் குடுத்து விட்டாருக்கா. பெர்லாவுக்கு. துணைச் செயலர் கடிச்ச துண்டும் இதுல இருக்கு."

கொரிங் வாளியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "எவ்வளவு கேட்டாரு?"

"சும்மாதான்."

"சும்மாவா?"

"சும்மாதான்க்கா."

"அப்ப வேண்டாம். எடுத்துட்டுப் போ."

"அக்கா, மிச்சத்துக்கு ஊரே அடிச்சுக்குது. உனக்குன்னு தனியா எடுத்து வச்சுக் குடுத்திருக்காரு."

"அதான் சொல்றேன். தவிடு வேணும்னு எழுதிக் கேட்டு எனக்குக் கையே ஓஞ்சுபோச்சு. ஒரு பிடி வரலை. இன்னிக்குக் கேக்காமலே ஒரு வாளி வருது. அதுவும் அக்கரையில புடிச்ச பன்றி. கொல்லப் போறவன் விருந்து அனுப்பினா நீ திம்பியா?"

டோடோங்குக்கு வாளியைக் கவிழ்க்க மனம் வரவில்லை. திரும்பிப் போகிற வழியில் ஊராட்சி மன்றத்துக் கொட்டகையில் காவல் பன்றிகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. கழுத்தில் அட்டை இருந்தாலும் வயிறு வயிறுதானே! வாளியை அங்கே சாய்த்துவிட்டான். அவற்றின் பதவிக்காலத்தில் வயிறு நிறைந்தது அன்று ஒரு நாள்தான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காவல் பன்றி எழுந்திருக்கவில்லை. காது ஊதா நிறமாகியிருந்தது. பிறகு அடுத்தது. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவை எந்த வேலைக்காக நியமிக்கப்பட்டனவோ அதைச் சரியாகச் செய்து முடித்தன. அந்த அலுவலகத்தில் அப்படிச் செய்த ஊழியர்கள் அவை மட்டுமே என்பதால், அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று யாருக்கும் விளங்கவில்லை.

டோடோங்கைப் பிடித்து உலுக்கியதில் வாளிக் கதை வெளியே வந்தது. கொரிங்கை மறுபடி அலுவலகத்துக்கு அழைத்தார்கள். டாக்டரின் இரண்டு பக்கமும் மணிலாக் குழுவினர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாளியை ஏன் திருப்பி அனுப்புன?" என்றார் டாக்டர்.

"சும்மா குடுத்தீங்களே."

"உன் பன்றி பொழைச்சிருக்கு, எங்க பன்றி செத்துப்போச்சு. முன்கூட்டியே உனக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. யார் சொன்னது?"

"சமையல்காரர் சொன்னாரு. அக்கரையில மலிவா வாங்கி உங்க ஜீப்ல கொண்டு வந்ததா. அன்னிக்கே உங்ககிட்ட வந்து கேட்டேனே. நீங்க சாப்பிடற நாள்னு சொல்லிட்டீங்க."

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மணிலாக்காரர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "அந்த லெச்சோனைத்தானே துணைச் செயலர் சாப்பிட்டார்?"

"ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாரு," என்றாள் கொரிங்.

அவளை வெளியே உட்காரச் சொன்னார்கள். உள்ளே நெடுநேரம் பேச்சு நடந்தது. பெர்லா குட்டி போடுவது இன்றோ நாளையோ என்கிற நிலை. வெள்ளிக்கிழமையும் நெருங்கிக்கொண்டிருந்தது. கோபத்தில் இன்றைக்கே வந்து மொத்தமாக முடித்துவிடுவார்களோ என்று கொரிங் முந்தானை இல்லாத உடையின் ஓரத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் டாக்டர் வெளியே வந்தார். பரிசு வாங்கியவர் மாதிரி முகம்.

"தீர விசாரிச்சாச்சு. துணைச் செயலர் சாப்பிட்ட பன்றி சிவப்பு மண்டலத்துலருந்து வந்திருக்க முடியாது."

"ஆனா அக்கரையிலருந்துதானே..."

"அக்கரையிலருந்துதான் வந்துச்சு. அப்படின்னா அக்கரை சிவப்பு மண்டலம் இல்ல. எப்பவும் இருந்ததும் இல்ல. வரைபடத்துல தவறா அடிச்ச வண்ணம். இன்னிக்கு மாத்திட்டோம்."

"அங்க செத்த பன்றிகள்?"

"வெயில்."

"உங்க காவல் பன்றிகள்?"

"அதிக வேலைப் பளு." டாக்டர் தொப்பியைக் கழற்றி ஒரு கணம் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "பணியில் இருக்கும்போது போயிடுச்சுங்க. அக்கரையும் பச்சை, இக்கரையும் பச்சை. உன் பெர்லா தலைலருந்து வால் வரைக்கும் பச்சை. கோட்டை அழிச்சுக்கலாம். போய்ச் சந்தோஷமா இரு."

பாலத்துத் தட்டை அன்றே எடுத்துவிட்டார்கள். நாய் கொஞ்ச நேரம் வெறுந்தரையில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போனது. அடைத்து வைத்திருந்த அக்கரைப் பன்றிகளெல்லாம், இருமுகிறவையும் தள்ளாடுகிறவையுமாக, சந்தையில் விற்பதற்காக வரிசையில் பாலத்தைத் தாண்டி வர ஆரம்பித்தன. ஊர் மகிழ்ச்சியாக இருந்தது. கரோக்கே பாட்டு விடிய விடியக் கேட்டது.

அந்தப் பாட்டுக்கு நடுவில்தான் பெர்லா குட்டி போட்டாள். குட்டிகள் பின்பாதி வழியாகத்தான் வந்தன. எந்தக் குழுவும் ஆட்சேபிக்கவில்லை.

விடிந்ததும் மெல்சோர் ஓடி வந்தான். வேலி வாசலில் புதிதாக ஒரு தகரத் தட்டு. சாக்கு சொட்டச் சொட்ட நனைந்து, பிளீச்சிங் நெடி கண்ணைக் கரித்தது. தட்டுக்கு அந்தப் பக்கம் கொரிங், கையில் விறகுக் கட்டை.

"என்ன கொரிங் இது? என் பாதியைப் பாக்க வேண்டாமா நான்?"

"அங்கருந்தே பாரு அண்ணே. உன் பக்கத்து வீட்டுக் கொட்டில்லருந்துதானே நேரா வர்ற? செருப்பைப் பாரு."

"எல்லாம் பச்சைன்னு டாக்டரே சொல்லிட்டாரே!"

"உன் குட்டி உனக்கு உண்டு. பால் மறந்ததும் ஒண்ணுவிட்டு ஒண்ணா எண்ணித் தர்றேன். ஒத்தையில நிக்கிற கடைசிக் குட்டியையும் நீயே எடுத்துக்க. இப்ப வீட்டுக்குப் போ."

கடைசிக் குட்டியையும் விட்டுக்கொடுக்கிறாள் என்றதும் மெல்சோருக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. கொரிங் பேரம் பேசாமல் எதையும் விட்டதை அவன் பார்த்ததே இல்லை. பின்னால் நகர்ந்து நின்றான்.

அந்த நேரம் அரசு ஜீப் வந்து நின்றது. டாக்டர் வில்யாருஸ் இறங்கினார். கூட டோடோங், புகைப்படம் எடுக்கிற ஒருவர். பச்சை மண்டலத்தில் பிறந்த குட்டிகளோடு படம் எடுத்துப் பரிசுக்கான மனுவோடு அனுப்ப வேண்டுமாம்.

"படத்தை அங்கருந்து எடுத்துக்கச் சொல்லுங்க. உள்ள வரணும்னா தட்டை மிதிக்கணும்," என்றாள் கொரிங்.

டாக்டர் சிரித்தார். "என்னம்மா நீ? ஊர் முழுக்கப் பச்சையா இருக்கு. இனிமே என்ன பயம்?"

"அதான் டாக்டர் பயம்."

டாக்டர் டோடோங்கைப் பார்த்தார். டோடோங் வானத்தைப் பார்த்தான். படம் எடுக்கிறவர் காத்திருந்தார். உள்ளே குட்டிகள் முட்டி மோதிப் பால் குடிக்கிற சத்தம் கேட்டது. பெர்லாவின் வயிற்றில் நீலக் கோடு பாதி அழிந்தும் பாதி அழியாமலும் இருந்தது. டாக்டர் கால்சட்டையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, பளபளக்கிற காலணிகளில் ஒன்றை மட்டும், நுனியால், சாக்கில் வைத்தார்.

"ஒரு கால் போதும் டாக்டர்," என்றான் டோடோங் பழக்கதோஷத்தில்.

கொரிங் விறகுக் கட்டையைத் தட்டின் மறுபாதியில் ஊன்றிக் காட்டினாள்.

"அந்தக் காலும்."